கடல்மீன் தொட்டிக்கு உபரி ஜலம் சேர்த்தல்

வீடுகளில் கடல்மீன் வளர்ப்போருக்கு நேரிடும் நஷ்டங்களிற் பெரும்பாலானவை, தொட்டியிலுள்ள ஜலம் அளவிற் சொற்பமாயிருப்பதனால் உண்டாகின்றன. குளத்து மீன்கள் கோடையில் ஜலம் வற்றிச் சூடேறுவதையும், மழைக் காலத்தில் திடீரெனப் புதுவெள்ளம் வந்து கலப்பதையும் தலைமுறை தலைமுறையாகச் சகித்துப் பழகியவை. பவளப் பாறைகளினிடையே வாழும் மீன்களோ அத்தகைய மாறுதல்களை அறியமாட்டா. அவை வசிக்கும் கடல்நீரின் உப்பளவும் உஷ்ணமும் ஒரு நாளில் மாறுவது மிகக் கொஞ்சம். மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில் அவற்றைக் கொண்டுவந்து விடும்போது, கடலானது தானாகவே செய்து வந்த காரியத்தை வளர்ப்பவர் தம் கையாற் செய்ய வேண்டியவராகிறார்.

கோமாளிமீன் முதலிய சில அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறை, மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையிற் கண்டறியப்பட்டு வழக்கத்திற்கு வந்துள்ளமையால், இம்மீன்களை வளர்ப்பதில் பலருக்கும் விருப்பம் உண்டாகியிருக்கிறது. பவளமும், கடற்குதிரையும், கடலட்டையும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் அடங்கியவை. ஆகையால் மன்னார் வளைகுடாவினின்று பவளக் கல்லை எடுத்துவந்து தொட்டியில் வைத்தல் குற்றமாகும் என்பதை இத்தொழிலில் இறங்குவோர் முதலிலேயே அறிந்துகொள்ளல் நலம்.

சிறு தொட்டியின் குறையை நீக்கப் பலரும் கையாளும் உபாயம், காட்சித்தொட்டிக்குக் கீழே மற்றொரு தொட்டியை வைத்து, இரண்டிற்கும் இடையே ஜலம் ஓயாமற் சுற்றி வரும்படி செய்தலாம். கீழேயுள்ள இதனைக் கீழ்த்தொட்டி என்க. மீன் வியாபாரிகள் 'சம்ப்' என்பர். இதன் அமைப்பு கிராமவாசிகளுக்குப் புதியதன்று. ஏரி நிறைந்து உபரி ஜலம் கலிங்கின் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்வதுபோலவே, காட்சித்தொட்டி நிறைந்து அதன் விளிம்பருகேயுள்ள வழிவாயின் மூலம் ஜலம் கீழே இறங்குகிறது. கீழ் ஏரியினின்று மேல் ஏரிக்கு ஜலத்தை மறுபடியும் ஏற்ற ஒரு சிறு பம்பு இருக்கிறது என்பதொன்றே வித்தியாசம். காட்சித்தொட்டியில் ஜலமட்டம் எப்பொழுதும் ஒன்றாகவே நிற்கும். ஏற்றமும் இறக்கமும் கீழ்த்தொட்டியிலேதான் தெரியும்.

இம்முறை இன்று நேற்று தோன்றியதன்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மிருகக்காட்சிசாலையில் 1864-ஆம் வருஷத்திலும், லண்டனில் கிரிஸ்டல் மாளிகையில் 1871-ஆம் வருஷத்திலும் கடல்வாழ் ஜந்துக்களின் காட்சிசாலைகளை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர், கண்ணாடித் தொட்டிகளுக்கு அடியில், அவற்றைக் காட்டிலும் மிகப் பெரிதான இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றை வைத்து, அதிலுள்ள கடல்நீரை இடைவிடாமல் மேலே ஏற்றிச் சுற்றிவரச் செய்தார். தேக்கம் இருண்டிருந்தமையால் பாசி வளரவில்லை. பூமியின் கீழிருந்தமையால் உஷ்ணம் அதிகம் மாறவில்லை. வீட்டுத் தொட்டிக்காரர் இதினின்றும் கவனிக்கத் தக்கது அளவின் விகிதமாகும். லாயிட் சேர்த்த உபரி ஜலம் காட்சித்தொட்டிகளின் ஜலத்தைவிடப் பன்மடங்கு அதிகம். இக்காலத்து வீடுகளில் சேர்க்கப்படுவதோ பாதியளவுகூட இருப்பதில்லை. ஆகவே அவர் பெற்ற பலன் முழுவதும் தமக்கும் கிடைக்குமென்று எதிர்பார்த்தல் தகாது.

எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 36 அங்குல நீளமும், 18 அங்குல அகலமும், 18 அங்குல உயரமுமுள்ள ஒரு காட்சித்தொட்டியில் 17 அங்குலம் ஜலம் நிற்கிறதெனக் கொள்க. இதன் கொள்ளளவு 180 லிட்டர். கல்லும் மணலும் சுமார் 30 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதால், உண்மையில் உள்ள ஜலம் 150 லிட்டரே. கீழே 30 அங்குல நீளமும், 15 அங்குல அகலமும், 15 அங்குல உயரமுமுள்ள தொட்டியை வைத்து 9 அங்குலம் நிரப்பினால் 66 லிட்டர் சேரும். ஆக மொத்தம் 216 லிட்டர்.

கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு 35 பங்கு உப்பு உண்டு. ஆவியாகிப் போவது ஜலம் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 150 லிட்டர்த் தொட்டியினின்று நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகி, வீட்டார் மூன்று நாள் வெளியூர் சென்று ஜலம் ஊற்றாதிருந்தால், உப்பளவு 35-லிருந்து 37.2-க்கு ஏறும். 216 லிட்டரில் அதே 9 லிட்டர் குறைந்தால் 36.5-க்கே ஏறும். உபரி ஜலத்தின் நன்மை இதுவெனப் பலரும் கூறுவர். ஆனால் இக்கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கீழ்த்தொட்டிக்கும் ஒரு மேற்பரப்பு உண்டு. ஜலம் குழாயில் விழுந்து சிதறும்போதும் ஆவியாதல் மிகும். அதனால் நாளொன்றுக்கு 3 லிட்டருக்குப் பதிலாக 4 லிட்டர் போய்விடுமானால், மூன்று நாளில் உப்பளவு 37-ஐ எட்டும். அறுபத்தாறு லிட்டர் ஜலத்தைச் சேர்த்தும் கிடைத்த லாபம் அற்பமே. கீழ்த்தொட்டியின் பெரும்பகுதியைக் கண்ணாடித் தகட்டால் மூடி, குழாய்களுக்கும் காற்றுக்கும் மட்டும் இடம் விட்டு வைப்பவர்களே இந்த லாபத்தை உள்ளபடி பெறுவர்.

உஷ்ணத்தின் விஷயமும் இத்தகையதே. ஜலம் அதிகமானால் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் அடிக்கும் வெப்பத்தை இது தாங்கும். சென்னையில் சித்திரை வைகாசி மாதங்களில் இரவிலும் குறையாத புழுக்கத்தை எந்த அளவு ஜலமும் தாங்காது. நாலைந்து நாட்களில் அறையின் உஷ்ணமே தொட்டியின் உஷ்ணமாகிவிடும். மேலும், 30 வாட் பம்பு ஒன்றை ஜலத்தினுள் ஓடவிட்டால் அதன் மின்சாரம் பெரும்பாலும் உஷ்ணமாகவே முடிந்து, 216 லிட்டரை மணிக்கு ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு வீதம் சூடாக்க முயலும். அவ்வுஷ்ணத்தில் ஒரு பகுதி உடனுக்குடன் வெளியேறிவிடுமாயினும், வேண்டியதற்கு மேல் பெரிய பம்பை வாங்குதல் இரட்டை நஷ்டம்.

கழிவுகளைப் பற்றி

மீன்களின் கழிவிலும், தின்னாமல் விட்ட தீனியிலும் உள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகி, பின்னர் நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. முதலிரண்டும் கொடிய விஷங்கள். மூன்றாவது அவ்வளவு கொடியதன்றாயினும் சேரச்சேரத் தீங்கு செய்வது. 50 கிராம் எடையுள்ள மீன் ஒன்று கற்களின் இடுக்கில் செத்துக் கிடந்து யார் கண்ணிலும் படாமல் அழுகுமாயின், அதன் உடலிலுள்ள நைட்ரஜன் ஏறத்தாழ 1.4 கிராம். அது முழுவதும் அம்மோனியாவாக வெளிப்பட்டு நின்றால் 150 லிட்டரில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்கு மேலும், 216 லிட்டரில் 6½ மில்லிகிராமும் ஆகும். இரண்டிலும் மற்ற மீன்கள் பிழைப்பது அரிது. உபரி ஜலம் தரும் அனுகூலம் சில மணி நேர அவகாசமே. அந்நேரத்தில் நுண்ணுயிர்கள் ஒரு பகுதியை மாற்றக்கூடும்; வீட்டார் செத்த மீனைக் கண்டு அகற்றவும் கூடும். தினந்தோறும் மீன்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லாத வீட்டில் அவ்வவகாசமும் வீணாய்ப் போகும்.

நைட்ரேட்டின் கணக்கு இன்னும் வியப்பானது. அனுபவமுள்ளோரும் இதில் ஏமாறுவர். ஒரு தொட்டியில் வாரந்தோறும் 1 கிராம் நைட்ரேட் உண்டாகிறதெனவும், வாரந்தோறும் 15 லிட்டர் பழைய ஜலம் எடுக்கப்பட்டு நைட்ரேட் இல்லாத புதுக் கடல்நீர் ஊற்றப்படுகிறதெனவும் கொள்க. நைட்ரேட் ஏறிக்கொண்டே போய், வெளியே எடுக்கும் 15 லிட்டரில் சரியாக 1 கிராம் அடங்கியிருக்கும் நிலையை அடைந்ததும் நின்றுவிடும். அஃதாவது லிட்டருக்கு சுமார் 67 மில்லிகிராம். இந்த எல்லையைக் கணக்கிடுகையில் தொட்டியின் மொத்த ஜலம் எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனிக்க. 150 லிட்டராயினும், 216 லிட்டராயினும், 1,000 லிட்டராயினும், வாரத்திற்கு 15 லிட்டரே மாற்றினால் முடிவில் வந்து நிற்கும் இடம் 67 தான். சிறிய தொட்டி அதிற் பாதியை 7-ஆம் வாரத்திலும், கீழ்த்தொட்டி சேர்த்தது 10-ஆம் வாரத்திலும் எட்டும், அவ்வளவே. கீழ்த்தொட்டி வைத்த முதல் இரண்டு மாதங்களில் ஜலம் தெளிந்து, மீன்கள் சுறுசுறுப்பாயிருப்பதைக் கண்டு, இனி இன்னும் நான்கு மீன்கள் விடலாமென்று துணிபவர் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் காரணம் தெரியாமல் மீன்களை இழப்பது இதனாலேயே. மாற்றும் ஜலத்தையும் அதே விகிதத்தில் 15-லிருந்து 21½ லிட்டராக உயர்த்தினால் எல்லை 46-க்கு இறங்கும்.

கீழ்த்தொட்டியின் ஒரு அறையில் கடற்பாசி வளர்த்தல் இதற்கு நல்ல துணை. கீட்டோமார்ஃபா என்னும் நூல்போன்ற பச்சைப்பாசியோ, கௌலர்ப்பாவோ இதற்கு ஏற்றவை. காட்சித்தொட்டியின் விளக்கு அணைந்தபின் இரவில் பாசியறையின் விளக்கு எரியுமாறு வைத்தால், இரவில் ஜலத்தின் காரத்தன்மை குறைவதும் தடுக்கப்படும். பாசி நைட்ரஜனைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. அதனை வாரந்தோறும் அறுத்து எறிந்தால்தான் அந்த நைட்ரஜன் தொட்டியை விட்டு நீங்கும். அறுக்காமல் விட்டு அழுகவிட்டால் பழைய இடத்திற்கே திரும்பும்.

மின்சாரம் நின்றால்

கீழ்த்தொட்டி வைப்போரிற் பலர் ஒரு நள்ளிரவில் அறை முழுவதும் உப்புநீர் தேங்கக் காண்கிறார்கள். மின்சாரம் நின்றதும் பம்பு நிற்கிறது. மேலேயுள்ள ஜலம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டேயிருக்கிறது. கலிங்கு வழியாக இறங்குவது கொஞ்சமே. பெரும்பகுதி இறங்குவது, ஜலத்தை மேலே கொண்டுவரும் குழாயின் வழியாகும். அக்குழாயின் வாய் ஜலத்தினுள் அமிழ்ந்திருந்தால், பம்பு நின்றவுடன் அதுவே சைபனாக மாறி, வாய் வெளியே தெரிந்து காற்றுப் புகும்வரையில் ஜலத்தைக் கீழே இழுத்துவிடும்.

முன்கூறிய காட்சித்தொட்டியில் ஓரங்குல ஜலம் என்பது 10.6 லிட்டர். குழாயின் வாய் ஜலமட்டத்திற்கு 2 அங்குலம் கீழே இருந்தால் இறங்குவது 21 லிட்டர். குழாய்களிலும் வழிவாய்ப் பெட்டியிலும் நிற்பது 5 லிட்டர் எனக் கொண்டால் மொத்தம் 26 லிட்டர். கீழ்த்தொட்டியில் 9 அங்குலத்திற்கு மேல் காலியாயுள்ள 6 அங்குலம் 44 லிட்டர் கொள்ளும், ஆகையால் அபாயமில்லை. அதே வாய் 6 அங்குலம் கீழே இருந்தாலோ இறங்குவது 69 லிட்டராகி, 25 லிட்டர் தரையில் ஓடும். ஒன்றரைக் குடத்துக்கு மேற்பட்ட உப்புநீர் மின்சாரக் கம்பிகளின் அருகே பரவுதல் மீனுக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் ஆபத்து. மின்சாரப் பலகையைத் தொட்டியின் மட்டத்திற்கு மேலே சுவரில் பொருத்தி, ஒவ்வொரு கம்பியையும் சற்றே கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகினால், கம்பி வழியே வழியும் துளிகள் பலகையை அடையா.

ஜலமட்டத்திற்கு அரை அங்குலம் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால் அங்கேயே காற்றுப் புகுந்து சைபன் அறுபடும். ஆனால் அத்துளையை நத்தையும் பாசியும் அடைத்துவிடும். ஒருவழி வால்வுகளும் உப்புப் படிந்து சிக்கிக்கொள்வன. ஆகையால் துளையும் வால்வும் இல்லை எனவே கொண்டு, குழாயின் வாயை மேலேயே வைத்து, கீழ்த்தொட்டியில் இடம் விட்டு அமைத்தலே உத்தமம்.

இதற்கு எதிரான அபாயமும் உண்டு. வழிவாயை ஒரு நத்தையோ பாசிக்கொத்தோ அடைத்துக்கொண்டால், பம்பு கீழேயிருந்து ஜலத்தை ஏற்றிக்கொண்டேயிருக்கும், காட்சித்தொட்டி வழியும். பம்பு இருக்கும் அறை 10 அங்குலத்திற்கு 15 அங்குலமாயின், அதில் ஓரங்குலம் 2½ லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பம்பு காற்றை இழுக்கத் தொடங்குமுன் 6 அங்குலம் ஏற்றுமாயின் 14½ லிட்டருக்கு மேல் மேலே போய்ச் சேரும். காட்சித்தொட்டியின் விளிம்பில் ஓரங்குலமே இடம் இருந்தால் அது 10.6 லிட்டரையே ஏற்கும். மீதி தரைக்கு. எனவே பம்பு அறையைச் சிறிதாக்குதல் வேண்டும். இல்லையேல் மேலே இன்னும் அரை அங்குலம் இடம் விடல் வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் வழிவாய், விளிம்பில் மாட்டும் சைபன் பெட்டியைக் காட்டிலும் நம்பத் தக்கது; சைபன் பெட்டியானது காற்றுப் புகுந்து அறுபட்டால் மின்சாரம் திரும்பியபின் தானாக ஓடத் தொடங்காமற் போகலாம். கடினமாக்கப்பட்ட கண்ணாடியில் துளையிட்டால் அது முழுதும் நொறுங்கிப்போகுமாதலால், எவ்வகைக் கண்ணாடியென்று முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் நின்ற நேரத்தில் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் அவசியம். கீழேயுள்ள 66 லிட்டரும் அப்பொழுது மீன்களுக்கு உதவா. வெதுவெதுப்பான கடல்நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவே. ஜலம் அசையாவிடில் மீன்கள் அதைச் சுவாசித்துத் தீர்த்து, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கத் தொடங்கும். மொத்தம் 216 லிட்டர் என்று எண்ணி அதற்கேற்ற மீன்களை மேல் தொட்டியில் நெருக்கமாக விட்டவர், இருளில் 150 லிட்டருக்குரிய பிராணவாயுவோடு நிற்கிறார். மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் காட்சித்தொட்டியின் அருகிலேயே தயாராக வைத்திருத்தல் இத்தகைய இரவில் மீன்களைக் காப்பாற்றும்.

சேர்க்கும் முறை

ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டியோடு 66 லிட்டர் புது ஜலத்தை ஒரே முறையிற் கலந்தால், மொத்தத்தில் பத்தில் மூன்று பங்கு ஒரே நாளில் மாறியதாகும். அது கூடாது. உப்பைக் கரைத்த நீராயினும், கடலினின்று கொணர்ந்த நீராயினும், முதலில் கீழ்த்தொட்டியில் தனியே நிரப்பி, பம்பை அதனுள்ளேயே ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பளவையும் உஷ்ணத்தையும் மேல் தொட்டியோடு ஒப்பிட்டுச் சமப்படுத்துதல் வேண்டும். பிறகு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் இரண்டிற்கும் இடையே குவளையால் மாற்றி, நான்கைந்து நாள் கழித்துக் குழாயை இணைத்தால் மீன்கள் மாறுதலை உணரமாட்டா.

கடல்நீர் கொணர்வோர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைக் கரையோரத்து நீரை நம்பலாகாது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஆறுகள் வழியே கலப்பதால் அப்பொழுது கரையோரத்தில் உப்பளவு குறைந்திருக்கும். கூவம், அடையாறு முகத்துவாரங்களின் அருகே எந்த மாதத்திலும் எடுத்தல் தகாது. எடுத்த நீரை மூடிய பாத்திரங்களில் இருட்டில் சில வாரங்கள் வைத்திருந்தால், அதிலுள்ள நுண்ணிய ஜந்துக்கள் மடிந்து அடியில் தங்கிவிடும். தெளிந்த மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

செம்பு, பித்தளை, வெண்கலம் இவற்றாலான குழாயோ திருகோ எங்கும் இருத்தலாகாது. செம்பின் சொற்ப அளவே இறால், நத்தை முதலியவற்றைக் கொல்லும். பி.வி.ஸி. குழாயும், உணவுப் பண்டங்களுக்கென்று செய்த பிளாஸ்டிக் பீப்பாயும் போதுமானவை. எண்ணெயோ மருந்தோ வைத்திருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் உபயோகிக்க வேண்டாம். 216 லிட்டர் கடல்நீர் மட்டுமே 220 கிலோவுக்கு மேல் கனக்கும்; கண்ணாடியும் கல்லும் தாங்குசட்டமும் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்போர் சுவரோரமாக, உத்தரத்தின் மேல் வருமாறு வைக்கவும்.

ஆவியாகிக் குறையும் அளவுக்கு ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்த ஜலமே. நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தால் பம்பு அறையில் மட்டம் தினம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கும். நான்காம் நாளில் பம்பு காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். இதற்கெனத் தானே திறந்து மூடும் மிதவை வைப்போர் அதற்கு ஜலம் தரும் பாத்திரத்தைச் சிறிதாகவே வைக்க வேண்டும். மிதவை சிக்கிக்கொண்டு 20 லிட்டர்ப் பாத்திரம் முழுவதும் இறங்கினாலும் உப்பளவு 32 அளவில் நிற்கும்; பெரும்பாலான மீன்கள் தாங்கும். 100 லிட்டர்ப் பீப்பாய் காலியானால் 24-க்கு இறங்கி, கீழ்த்தொட்டியும் வழிந்தோடும்.

எல்லாம் அமைத்து முடிந்தபின், வீட்டார் அனைவரும் விழித்திருக்கும் ஒரு பகற்பொழுதில், பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஜலம் இறங்கி நின்றதும் கீழ்த்தொட்டியின் மட்டத்தைக் கவனித்து, விளிம்புக்குக் கீழே இரண்டங்குலமாவது மிச்சமிருக்கிறதா என அளக்கவும். மறுபடி பம்பை ஓடவிட்டு, வழிவாயைக் கையால் அடைத்து, காட்சித்தொட்டி வழியாமல் பம்பு அறை வற்றுகிறதா எனவும் பார்க்கவும். காற்றை இழுக்கும் சத்தம் கேட்டவுடன் பம்பை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் தேறிய பிறகு, பம்பு ஓடும்போது பம்பு அறையில் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் அழியாத மையால் ஒரு கோடு இழுத்து வைக்கவும். தினமும் சுத்த ஜலம் ஊற்றுபவர் யாராயினும் அக்கோட்டைத் தாண்டி ஒரு குவளையும் ஊற்றலாகாது. வழிவாய்க்கும் பம்பின் வாய்க்கும் வலை கட்டி, அவ்வலையை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவவும். கோட்டையும் இடமாறும் குழாய் வாயையும் அப்பொழுதே சரிபார்த்துக்கொள்ளலாம்.